காதில் அணியும் நகை – ஒன்று

என் மகளின் காது மிஷின் தொலைந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஒரு மணி நேரத்தில் கிடைத்தும்விட்டது. கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

தொலைந்த விதத்தில் புதிதாக ஒன்றுமில்லை. மழை. அந்த மிஷினில் தண்ணீர் படக் கூடாது. பஸ் ஏறியதும் அவசரமாகக் கழற்றி, அணைக்காமலேயே கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். நிறுத்தம் வந்ததும் எழுந்து ஓடியிருக்கிறாள். மடியில் இருந்தது சீட்டுக்கு அடியில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காததற்குத்தான் மிஷினே.

கண்டக்டர் எடுத்திருக்கிறார். தினமும் அதே பஸ்ஸில் வருகிற பெண், அவளுடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலையில் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனிதர் நேர்மையானவர். கிடைத்த பொருளைப் போலீஸில் ஒப்படைக்கவும் என்று பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதை நம்பி, டூட்டி முடிந்த கையோடு போய் ஒப்படைத்துவிட்டார். மறுநாள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கவலப்படாதீங்கண்ணே. பத்திரமா ஸ்டேஷன்ல இருக்கு.”

பத்திரமாகத்தான் இருந்தது.

என் மகள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அட்டை வெட்டும் கத்தி இறங்குவதற்கு முன்னால் மணி அடிக்கும். மணி கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். காதில் மிஷின் இல்லாமல் வந்தவளை சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அட்டைத் துண்டில் எழுதியே கொடுத்தார்: ‘மிஷின் இல்லாமல் விட்டால் உன் விரலை நான்தான் பொறுக்க வேண்டும். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் காலை வரை உன் இடத்தில் யாரையும் போட மாட்டேன். அதற்கு மேல் என் கையில் இல்லை.’

பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய மிஷின் அது. இரண்டு காதும் கேட்காது என்றாலும் ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். இன்னொன்று வேண்டுமானால் இன்னும் மூன்று வருஷம். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

நான் ரோட்டோரம் பைப் போடக் குழி வெட்டுகிறவன். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் என்னுடையது இல்லை. இருந்தாலும் வியாழக்கிழமையே மண்வெட்டியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு மகளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் பெரிய பலகை: ‘நீங்கள் இழந்தது எங்களிடம் இருக்கிறது.’ ஆறுதலா மிரட்டலா என்று விளங்கவில்லை.

உள்ளே ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இல்லை. ஒன்று முடி வெட்டும் கடையினுடையது. ஒன்று சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தினுடையது. சுவர்க் கடிகாரத்தில் ‘மணமக்களுக்கு அன்புடன் சித்தப்பா’ என்று எழுதியிருந்தது. எழுத்து வேலை பார்க்கிற ஏட்டை எல்லாரும் ரைட்டர் என்றார்கள். யாரோ ஓடி ஜெயித்த வெள்ளிக் கோப்பையில் அவர் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “உரியவர் வராத பொருளைச் சும்மா பூட்டி வெச்சா துருப்பிடிக்கும். அதனால பயன்படுத்திப் பராமரிக்கிறோம். இதுக்குத் தனிச் சுற்றறிக்கை இருக்கு.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்பக்கம் பொருள் அறையிலிருந்து, ‘கீ…’ என்று மெலிசாக, நிற்காமல். மூடி வைத்தால் அந்த மிஷின் அப்படித்தான் கத்தும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், பிறகு பழுதாகிப்போன பழைய மிஷினைத் தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுப் போவாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம்.

“சார், அதுதான் சார்! என் பொண்ணு மிஷின்தான் கத்துது!”

“அது சுவர்க்கோழி,” என்றார் ரைட்டர். “நேத்து சாயங்காலத்துலேர்ந்து கத்துது. மருந்தடிக்கச் சொல்லி மேல எழுதிப் போட்டிருக்கு.”

“நேத்து சாயங்காலம்தான் சார் கண்டக்டர் கொண்டாந்து குடுத்தாரு.”

“கண்டக்டர் சுவர்க்கோழி எதுவும் குடுக்கல.” பதிவேட்டைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே போனார். “மிஷினும் குடுக்கல. மிஷின்னு ஒண்ணும் வரல.”

அந்தப் பதிவேட்டில் ஆறு கட்டம்: நகை, ரொக்கம், வண்டி, கால்நடை, ஆயுதம், ஆவணம். ஒருத்தன் எதைத் தொலைத்தாலும் இந்த ஆறில் ஒன்றாகத்தான் தொலைக்க வேண்டும். மகள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்து எழுத்துக் கற்றவன் நான். அதனால் தலைகீழாக இருக்கிற எழுத்து எனக்கு இன்னும் சுலபமாக வரும். நகைக் கட்டத்தில் நேற்றுத் தேதி போட்டு எழுதியிருந்தது: காதில் அணியும் நகை – ஒன்று. வளைந்தது. தோல் நிறம். கல் இல்லை.

“சார், இதுதான்!”

“இது நகைப்பா.”

“காது மிஷின் சார். நகைன்னு எழுதிட்டீங்க.”

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு கேட்டார். “காதுல மாட்டுறதா?”

“ஆமா சார்.”

“காதுல மாட்டுறதுக்கு என்ன பேரு?”

“உங்க மூக்குக்கண்ணாடியும் காதுலதான் சார் மாட்டியிருக்கு.”

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் யாருடையதோ. “இது மூக்குல நிக்குது,” என்றார். “சட்டம் பேசாத.”

“திருத்தி எழுதிடுங்க சார். ஒரு வார்த்தைதானே.”

“இந்தப் பதிவேட்டுல அடிச்சு எழுதினா என் வேலை போயிடும். உன் பொண்ணுக்கு வேற மிஷின் கிடைக்கும். எனக்கு வேற வேலை கிடைக்குமா? மனசாட்சியோட பேசு.” பிறகு குரலை இறக்கிக்கொண்டார். “நல்லது சொல்றேன் கேளு. மிஷின்னு கேட்டா பொழுது விடிஞ்சாலும் கிடைக்காது. நகைன்னு கேளு, குடுத்துடறேன்.”

“சரி சார். நகைதான். குடுங்க.”

“ரசீது? போட்டுக்கிட்டு எடுத்த போட்டோ? ஆசாரியோட தரச் சான்று?” ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். நான்காவது விரலை மடக்கப் போனவர் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. “இரு. காது நகை ஜோடியாத்தானே இருக்கும்? இன்னொண்ணு எங்க?”

“இன்னொண்ணு கிடையாது சார். ஆஸ்பத்திரியில ஒண்ணுதான் குடுத்தாங்க.”

“பொண்ணுக்குக் காது எத்தனை?”

“ரெண்டு.”

“அப்ப இன்னொண்ணு காணோம்.” வேறொரு பதிவேட்டை இழுத்தார். “கவலப்படாத. இதுக்குத் தனியா ஒரு புகார் எழுதிக்கறேன். கட்டணம் கிடையாது.”

இப்படியாக, தொலைந்த ஒன்று கிடைக்காமல், தொலையாத ஒன்று தொலைந்ததாகப் புகார் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். என்ன ஆச்சு என்று மகள் சைகையில் கேட்டாள். இதற்கெல்லாம் என்னிடம் சைகை இல்லை.

அந்தப் புகாரில் சந்தேகத்துக்கு உரியவர் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. கட்டத்தைக் காலியாக விடுவது ரைட்டருக்குப் பிடிக்காது. சனிக்கிழமை காலையில் கண்டக்டர் என் குழிக்கு மேலே வந்து நின்றார். இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

“ஏண்ணே, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஏன் தம்பி?”

“நேத்து பூரா ஸ்டேஷன்ல உக்கார வெச்சிட்டாங்க. ஒண்ணைக் குடுத்துட்ட, இன்னொண்ணை எங்க வித்தேன்னு கேக்கறாங்க. விக்கறவன் ரெண்டையும் வித்திருக்க மாட்டேனாங்கறேன், அதையும் எழுதிக்கிறாங்க! எந்த சீட்டு, எந்தக் கையால எடுத்தே, எடுக்கும்போது ஏன் குனிஞ்சேன்னு கேள்வி. கீழ கிடக்குறதைக் குனியாம எப்படிண்ணே எடுக்கிறது? வாரா வாரம் வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

“நான் அப்படிச் சொல்லல தம்பி. அவங்களா எழுதினது.”

“இனிமே பஸ்ஸுல தங்கக் கட்டியே கிடந்தாலும் தாண்டிப் போவேன். குழந்தையே கிடந்தாலும் தாண்டிப் போவேன்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். “பாப்பா வேலைக்குப் போகுதா?”

“இல்ல தம்பி. இன்னும் ஒம்போது நாள் இருக்கு.”

ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். என்னைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் விசாரணை. பொருளுக்கு உரியவரே நேரில் வந்து, அடுத்தவர் உதவியில்லாமல், வாய்மொழியாகக் கேட்கும் கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. என் மகள் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். இன்ஸ்பெக்டருக்கு மீசை. சாதாரண மீசை இல்லை. மேலுதடு, கீழுதடு இரண்டையும் மூடிக்கொண்டு, கதவுக்குத் திரை போட்டது மாதிரி தொங்கியது. என் மகள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேரு என்ன?” என்றது மீசை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? காது கேக்காதா?”

“கேக்காது சார்,” என்றேன்.

“உன்னைக் கேக்கல. அதைக் கேட்டேன்.”

“அதுக்குக் கேக்காது சார்.”

“கேக்காத பொண்ணுக்குக் காது மிஷின் எதுக்குய்யா?”

“கேக்கறதுக்குத்தான் சார்.”

“இப்ப அது இல்லாம எத்தனை நாளா இருக்கா?”

“அஞ்சு நாளா சார்.”

“உசுரோடதானே இருக்கா? சாப்பிடறா, தூங்கறா, நடந்து வந்து நிக்கிறா. அப்ப அத்தியாவசியப் பொருள் இல்லேன்னு எழுதிக்கலாம்.” ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் எழுதிக்கொண்டார்.

“சார், எழுதிக் கேளுங்க. பொண்ணு நல்லாப் படிக்கும். எழுதியே பதில் சொல்லிடும்.”

“வாய்மொழின்னு இருக்கு. எழுதினா அது எழுத்துமொழி.” நாற்காலியில் சாய்ந்தார். அது முடி வெட்டும் கடை நாற்காலி. பின்னால் சரிந்து கால்கள் மேலே வந்தன. அந்த நிலையிலேயே, கூரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு அறிவுரை சொன்னார். “உன்னை மாதிரி ஆளுங்களுக்கு எங்க அக்கறை புரியறதில்ல. ஒரு பொருளைத் தூக்கிக் குடுக்கிறது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷ வேலைக்கு நாங்க ஒரு வருஷம் எடுத்துக்கறோம்னா எவ்வளவு பொறுப்பா இருக்கோம்னு யோசிச்சுப் பாரு. முப்பது வருஷமா இந்த ஸ்டேஷன்லேர்ந்து ஒரு பொருள் காணாமப் போனதில்ல. ஏன் தெரியுமா? ஒண்ணையும் வெளிய விட்டதில்ல.”

நான் ஒரு முழம் வெட்டினால் ஒரு முழம் பள்ளம் தெரியும். இந்த மனிதர் முப்பது வருஷம் வெட்டியதற்குத் தெரிவது ஒரு நாற்காலி. சொல்லவில்லை. மகளுக்கு ஏழு நாள் இருந்தது. கும்பிட்டேன். அன்றைக்குக் குழிக்குள் இறங்கியபோது மண்ணை எப்படி வெட்டினேன் என்று மேஸ்திரியைக் கேட்டால் சொல்லுவார்.

விசாரணைக் குறிப்பில் ‘உரியவர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். இருந்தாலும் ஆசாரியின் சான்று நன்றாக இருந்தால் யோசிக்கலாம் என்றார் ரைட்டர். பொருளை வெளியே அனுப்ப விதியில்லை. ஆகவே புதன்கிழமை ஆசாரி வந்தார். வயதானவர், காலையில் கடையைத் திறக்கும் நேரத்தில் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். தகரப் பெட்டியைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தபோது ஒரு வாரம் கழித்து அதைப் பார்த்தேன். என் மகள் கையை நீட்டினாள். ரைட்டர் அவள் கையைப் பேனாவால் தட்டிவிட்டார்.

சத்தம் நின்று போயிருந்தது. உள்ளே பேட்டரி தீர்ந்துவிட்டது.

“சுவர்க்கோழி செத்துப்போச்சு பாத்தியா?” என்றார் ரைட்டர் பெருமையாக. “நடவடிக்கை எடுக்கப்பட்டதுன்னு எழுதி அனுப்பியாச்சு.”

ஆசாரி மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது காது மிஷினுல்ல? எங்க அண்ணன் போட்டிருக்காரு.”

“உங்களை என்னன்னு கேக்கல. எத்தனை மாத்துன்னு கேக்கறோம்,” என்றார் ரைட்டர்.

“பிளாஸ்டிக்குய்யா.”

“உரசிப் பாக்காம எப்படிச் சொல்றீங்க? உரசுங்க.”

ஆசாரி உரைகல்லை எடுத்து, என் மகளைப் பார்த்து வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு, மிஷினின் முதுகை ஓர் இழுப்பு இழுத்தார். ஒரு கீறல் விழுந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சான்று எழுதினார்: தங்கம் இல்லை. வெள்ளி இல்லை. செம்பும் இல்லை.

ரைட்டர் அதை மூன்று தடவை படித்தார். “அப்ப இது போலி நகை.”

“நகையே இல்ல சார்!”

“கவனமாப் பேசு. போலி நகை வெச்சிருக்கறது குத்தமில்ல. போலியை அசல்னு சொல்லி வாங்கப் பாக்கறதுதான் குத்தம். நீ அசல்னு சொல்றியா?”

“நான் நகைன்னே சொல்லல சார்.”

“நகை இல்லேன்னா உன்னுது இல்ல. இங்க இருக்கறது நகை.”

மகள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த அட்டைத் துண்டு அவள் பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். ரைட்டர் ஒரு தாளைத் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘மேற்படி பொருள் என் மகள் அழகுக்காக அணியும் போலி நகை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’ நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. அதில் நான் எழுதிய முதல் பொய் அதுதான். எழுத வைத்தது போலீஸ். கீழே கையெழுத்துப் போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. வேறு தாள் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்.

அதற்குப் பலனாக ஓர் அட்டை தந்தார்கள். எண் நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை ‘உரியவரிடம் உரியது’ விழா. மேலதிகாரி வருகிறார். மேடையில் எண்ணைக் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிடுவதற்குள் உரியவர் எழுந்து கையைத் தூக்கிவிட்டு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

“சார்,” என்றேன். “கூப்பிட்டாக் கேக்காது சார். நம்பரை எழுதித் தூக்கிக் காட்டுங்க.”

“அழைக்க வேண்டும்னு இருக்கு. காட்ட வேண்டும்னு இல்ல.”

“நான் பக்கத்துல இருந்து தட்டிச் சொல்லட்டுமா?”

“அதெல்லாம் அங்க பாத்துக்கலாம். நாங்க என்ன கல்லா? மனுசங்கதானே.”

விழா ஞாயிறு. வேலை திங்கள். முந்தின நாள் முழுக்க வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நாற்பத்தொன்று என்று சொல்லும்போது உதடு எப்படிப் போகிறது என்று என் மனைவியும் நானும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினோம். கடைசியில் நான் வாயைத் திறந்ததும் மகள் கையைத் தூக்கினாள். கைப்பைக்குள் புதுப் பேட்டரி எடுத்து வைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் ‘உரியவர்கள்’. பின்னால் ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ‘உடன் வந்தவர்கள்’. எவ்வளவு கெஞ்சியும் என்னைக் கயிற்றைத் தாண்ட விடவில்லை. மகளின் பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. மேடையில் தட்டுத் தட்டாகப் பொருள்கள். ஒரு தட்டில், பெரிய வெல்வெட் துணியின் நடுவில், பயறு அளவுக்கு எங்கள் மிஷின்.

முதலில் நேர்மை விருது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். இறங்கியதும் இன்னொரு போலீஸ்காரர் அந்த வாரத்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். கண்டக்டர் என் பக்கம் வந்து சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். பத்திரத்துக்குப் பின்னால் யாரோ ஒரு கைக்குழந்தையின் போட்டோ இருந்தது.

பிறகு மேலதிகாரி பேசினார்.

“சென்ற ஆண்டு பொதுமக்கள் தொலைத்த பொருள்கள் நானூறு. நாம் கண்டெடுத்தவை நானூற்று முப்பது. அதாவது மக்கள் தொலைப்பதைவிட நாம் வேகமாக இருக்கிறோம். இதில் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவை பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஏழு நம் அதிகாரிகளுடையவை. இதிலிருந்து என்ன தெரிகிறது? பொருளை எப்படிக் கேட்டு வாங்குவது என்று அதிகாரிகளுக்குத் தெரிகிறது, மக்களுக்குத் தெரியவில்லை. மக்கள் பயிற்சி பெற வேண்டும். நாங்கள் மக்களின் கண். நாங்கள் மக்களின் காது. எங்கள் காதுக்கு எட்டாத குரல் இந்த நாட்டில் இல்லை.”

கைதட்டல் ஓய்ந்ததும் ரைட்டர் மைக்கைப் பிடித்தார். எண்களை வரிசையாகக் கூப்பிடவில்லை. போட்டோவுக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று பெரிய பொருளிலிருந்து சின்னப் பொருளுக்கு வந்தார். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள், அப்புறம் ஒரு தையல் மிஷின், ஒரு பெட்டி. மகள் கழுத்தை நீட்டி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைக் அவர் வாயை மறைத்துக்கொண்டிருந்தது.

“நாற்பத்தொன்று.”

மகள் அசையவில்லை.

“ம்மா!” என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். “சார், அந்தப் பொண்ணுதான்! முன்னால, மூணாவது நாற்காலி! தட்டிச் சொல்லுங்க யாராவது!”

ஒரு போலீஸ்காரர் என் தோளை அமுக்கினார். “உரியவர் நீயா?”

“அவ அப்பன் சார்.”

“நகையைப் போட்டுக்கறது நீயா? உக்காரு.”

“நாற்பத்தொன்று. இரண்டாம் முறை.”

கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழையப் பார்த்தேன். இன்னொருவர் வந்து சட்டையைப் பிடித்தார். எதிரே மேடையில் ரைட்டர் என் மகளை நேராகப் பார்த்தார். பத்து நாளாக அவர் மேஜைக்கு முன்னால் நின்ற பெண். அவளைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டார்.

“நாற்பத்தொன்று. மூன்றாம் முறை. உரியவர் இல்லை.”

விதிப்படி நடந்ததற்காக எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டுவதைப் பார்த்து என் மகளும் தட்டினாள்.

ஐம்பத்தோரு வயதில் எத்தனையோ அவமானத்தைப் பார்த்திருக்கிறேன். குழிக்குள் நிற்கும்போது மேலே போகிறவர்கள் காறித் துப்பியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டல் மாதிரி ஒன்று என் மேல் விழுந்ததில்லை.

தட்டிக்கொண்டே சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் இருந்த என் முகத்தைப் பார்த்ததும் அவள் கைகள் நின்றன. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்: “கூப்பிட்டுட்டாங்க. முடிஞ்சு போச்சு.”

அவள் எழுந்தாள். அவசரப்படவில்லை. படியேறினாள். மேலதிகாரிக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றாள். வெல்வெட் துணியிலிருந்து மிஷினை எடுத்தாள். கைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்து, உள்ளே போட்டு மூடினாள். காதுக்குப் பின்னால் மாட்டிச் சின்னச் சக்கரத்தைத் திருப்பினாள். வீட்டில் தினமும் காலையில் செய்கிற மாதிரியே செய்தாள். போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் படம் எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார். “ஏய்! வை அதை! திருட்டு!”

ஒலிபெருக்கி அலறியதில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பத்து நாளுக்கு அப்புறம் அவள் கேட்ட முதல் வார்த்தை அது.

மேலதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். “என்னய்யா திருட்டு? என் கண்ணு முன்னாலயா? என்னத்த எடுத்தா?”

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். மீசை மேலே போனது. நகை என்று சொன்னால், முந்நூறு போலீஸ் நிற்கிற மைதானத்தில், மேலதிகாரியின் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நகையைத் திருடியிருக்கிறாள். காது மிஷின் என்று சொன்னால் பதிவேடு பொய். சுவர்க்கோழி பொய். ஆசாரியும் ஜீப்பும் பொய். மீசை கீழே வந்தது.

“ஒண்ணும் இல்லீங்க அய்யா. அந்தப் பொண்ணு அதோட காதைத் தொட்டுப் பாத்துச்சு.”

“காதைத் தொட்டதுக்கா இந்தக் கத்து கத்தினே? தட்டு காலியா இருக்கே?”

ரைட்டர் முன்னால் வந்தார். “உரியவர் வராத போலி நகைங்க அய்யா. விதிப்படி அழிச்சாச்சு.” சொல்லிக்கொண்டே பதிவேட்டைப் பிரித்து எழுதினார்: அழிக்கப்பட்டது. தேதி போட்டார். முத்திரை வைத்தார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி மேலொப்பம் போட்டார். அந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆகவே என் மகளின் காதில் இருப்பது இல்லாத பொருள்.

என் சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

மகள் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். பந்தலை விட்டு வெளியே நடந்தோம். பின்னால் மேலதிகாரி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். மக்களின் கண், மக்களின் காது. மகள் நின்றாள். அங்கே வந்ததிலிருந்து அவள் காதில் விழாத பேச்சு. தலையைச் சாய்த்து இரண்டு மூன்று வாக்கியம் கவனமாகக் கேட்டாள்.

பிறகு காதுக்குப் பின்னால் கையை விட்டுச் சக்கரத்தைத் திருப்பி மிஷினை அணைத்தாள்.

“ஏம்மா? கேக்கலியா?” என்றேன், அவள் பார்க்கும்படி வாயை அசைத்து.

“நல்லாக் கேட்டுச்சுப்பா,” என்றாள். “இதுக்கெல்லாம் பேட்டரி செலவழிக்க முடியாது. காலையில வேலைக்குப் போகணும்.”